மோட்டார் ஓட்டும் டிரான்சிஸ்டர் சுடுகிறது என்றால்: முழுமையான வழிகாட்டி

பழைய வைப்பர் மோட்டார் ஒன்றை வைத்து காயில் சுற்றும் சின்ன மெஷின் செய்தேன். ஒரு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கன்ட்ரோலர் போர்டு), மோட்டாரை ஆன்-ஆஃப் செய்ய ஒரு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டரில் ஒரு வகை), ஒரு டையோடு, 12 வோல்ட் பேட்டரி. சர்க்யூட் அவ்வளவுதான். நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்த நண்பர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அதே வரைபடம், அதே மாதிரி மோட்டார், அதே எண் போட்ட மாஸ்ஃபெட். ஆனால் அவருடையது ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. பத்தாவது நிமிடத்தில் ஷார்ட் ஆகிவிட்டது. பெரிய ஹீட் சிங்க் போட்டோம், அதற்கும் பெரியது போட்டோம், கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக்கூட வைத்தோம். மூன்று மாஸ்ஃபெட் போனபிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தோம். காரணம் இரண்டே நிமிடத்தில் தெரிந்தது.

அந்த இரண்டு நிமிட வேலையை எப்படிச் செய்வது, அதில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். 12 வோல்ட், 24 வோல்ட் டி.சி. மோட்டார்களுக்கு மட்டும்தான் இது. வீட்டு 230 வோல்ட் லைனில் இந்த முறையில் கை வைக்காதீர்கள்.

முதலில்: எவ்வளவு சூடு, எத்தனை வாட்?

"சுடுகிறது" என்பது அளவு ஆகாது. விரலால் தொட்டுத் தொடர்ந்து வைத்திருக்க முடிந்தால் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டால் 60-ஐத் தாண்டிவிட்டது. மல்டிமீட்டரோடு கே வகை தெர்மோகப்பிள் வயர் வந்திருந்தால் அதன் முனையை டிரான்சிஸ்டரின் உலோகப் பகுதியில் ஒட்டிப் பாருங்கள். அந்த உலோகப் பகுதி மோட்டார் பக்கத்துக் காலான கலெக்டரோடு, மாஸ்ஃபெட் என்றால் டிரெயினோடு, உள்ளேயே இணைந்திருக்கும். அதில் வோல்டேஜ் உண்டு, வேறு எதிலும் படக்கூடாது.

டிப்122, ஐஆர்எஃப்இசட்44என் போன்றவை வரும் டி.ஓ.220 உறைக்கு ஒரு கணக்கு உண்டு. ஹீட் சிங்க் இல்லாமல் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளே இருக்கும் சில்லு சுமார் 62 டிகிரி ஏறும். 1 வாட் என்றால், மே மாதத்து மொட்டைமாடி அறையின் 38 டிகிரியோடு சேர்த்து 100 டிகிரி. 2 வாட் என்றால் 162. டிப்122-இன் எல்லை 150 டிகிரிதான். ஆகவே ஹீட் சிங்க் இல்லாமல் 1 வாட் வரை தாங்கும், அதற்கு மேல் யோசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் நம் கேள்வி ஒன்றுதான்: இந்த வாட் எங்கிருந்து வருகிறது? டிரான்சிஸ்டரில் விழும் வோல்டேஜை அதன் வழியே ஓடும் ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆம்பியரை மோட்டார் முடிவு செய்கிறது. வோல்டேஜை நாம் கொடுக்கும் டிரைவ் முடிவு செய்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மோட்டார் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது?

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பி டிரான்சிஸ்டர் வாங்குவதுதான் பலருக்கும் முதல் சறுக்கல். லேபிளில் இருப்பது சாதாரண ஓட்டத்துக்கான ஆம்பியர். சுழலாமல் மாட்டிக்கொண்டாலோ, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதோ இழுப்பது அதைப்போல் பல மடங்கு. அந்த நேரத்தில் மோட்டார் வெறும் ஒரு கம்பிச்சுருள். பேட்டரி வோல்டேஜை அந்தச் சுருளின் தடையால் வகுத்தால் வருவதுதான் மின்னோட்டம்.

அந்தத் தடையை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் நேரடியாக அளக்காதீர்கள். மீட்டர் வயர்களுக்கே 0.2 ஓம், 0.3 ஓம் இருக்கும். மோட்டார் 1 ஓம் என்றால் கணக்கு கெட்டுவிடும். கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் அதை 1 ஆம்பியரில் வையுங்கள். ஷாஃப்டை இடுக்கியால் பிடித்து நிறுத்தி, மோட்டார் முனைகளில் நேராக வோல்டேஜ் பாருங்கள். 0.9 வோல்ட் காட்டினால் தடை 0.9 ஓம், 12 வோல்ட்டில் நின்றுபோனால் 13 ஆம்பியர். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நான்கைந்து இடத்தில் அளந்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் மாறும்.

ஓடும்போது இழுக்கும் ஆம்பியரை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி, தொடரில் வைத்து அளக்கலாம். பல மீட்டர்களில் அந்தத் துளையைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது. அளந்து முடித்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

மோட்டாரைக் கையால் சுற்றியும் பாருங்கள். புஷ் காய்ந்துபோய் இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய்யிலேயே ஒரு ஆம்பியர் குறையலாம். அப்படிப்பட்ட மோட்டாருக்காக டிரான்சிஸ்டரை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

முக்கியமான ஒரே அளவு: முழு ஆனில் எவ்வளவு வோல்ட் விழுகிறது?

நண்பர் வீட்டில் காரணம் தெரிந்தது இந்த இடத்தில்தான். ஆர்டுயினோ புரோகிராமில் பி.டபிள்யூ.எம்.-ஐ (வேகத்தைக் குறைக்க நொடிக்குப் பல நூறு முறை ஆன்-ஆஃப் செய்வது) எடுத்துவிட்டு, அந்தப் பின்னை நிரந்தரமாக ஹை ஆக்குங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடட்டும். இப்போது மீட்டரின் சிவப்பு முனையை மாஸ்ஃபெட்டின் டிரெயின் காலிலும் கறுப்பு முனையை கிரவுண்ட் பக்கத்து சோர்ஸ் காலிலும் வையுங்கள். எழுத்து நம்மைப் பார்க்க வைத்தால் இடது கால் கேட், நடுக்கால் டிரெயின், வலது கால் சோர்ஸ். பிரெட்போர்டின் வேறு துளையில் வைக்காமல் காலிலேயே வையுங்கள்.

எங்களுக்கு 1.4 வோல்ட் காட்டியது. மோட்டார் இழுத்தது 3 ஆம்பியர். பெருக்கினால் 4.2 வாட். டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) படி ஐஆர்எஃப்இசட்44என்-இன் ஆன் தடை அதிகபட்சம் 17.5 மில்லிஓம். 3 ஆம்பியருக்கு 0.05 வோல்ட்தான் விழ வேண்டும். அதாவது மாஸ்ஃபெட் பாதிதான் திறந்திருக்கிறது.

பி.டபிள்யூ.எம். ஓடும்போது இந்த அளவை எடுக்காதீர்கள். மீட்டர் சராசரியைக் காட்டும், அதிலிருந்து எதுவும் புரியாது. முழு ஆனில் சூடு ஆகிறதா, பி.டபிள்யூ.எம்.-இல் மட்டும் சூடு ஆகிறதா என்று பிரித்துக்கொண்டாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். முழு ஆனிலேயே சுட்டால் டிரான்சிஸ்டரைத் திறக்கும் கால் பக்கம் (மாஸ்ஃபெட்டில் கேட், சாதாரண டிரான்சிஸ்டரில் பேஸ்) பாருங்கள். முழு ஆனில் குளிர்ந்தும் பாதி வேகத்தில் சூடாகியும் இருந்தால் ஸ்விட்சிங், டையோடு பக்கம் பாருங்கள்.

கேட்டுக்கு எவ்வளவு வோல்ட் போகிறது?

அந்த 17.5 மில்லிஓம் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே டேட்டாஷீட்டில் ஒரு நிபந்தனை இருக்கும்: கேட்டில் 10 வோல்ட். ஆர்டுயினோ கொடுப்பது 5. அந்த மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் வோல்டேஜ் 2 முதல் 4 வரை எங்கேயும் இருக்கலாம் என்றும் அதே தாளில் போட்டிருக்கும். திறக்கத் தொடங்குவது என்றால் 250 மைக்ரோஆம்பியர் ஓடுவது, மோட்டாரை ஓட்டுவது அல்ல. என் கையில் கிடைத்தது 2-க்கு அருகில் திறக்கும் பீஸ், 5 வோல்ட்டில் அது நன்றாகத் திறந்துவிட்டது. நண்பருக்குக் கிடைத்தது 4-க்கு அருகில் திறக்கும் பீஸ், அதற்கு 5 வோல்ட் போதவில்லை. ஒரே எண், ஒரே விலை, இரண்டுமே டேட்டாஷீட்டுக்கு உட்பட்டவை. "எனக்கு ஓடுகிறதே" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு இரண்டு. ஒன்று, பெயரின் மூன்றாவது எழுத்தில் எஃப்-க்குப் பதில் எல் வரும் ஐஆர்எல்இசட்44என் வாங்குவது. எல் என்றால் லாஜிக் லெவல். கேட்டில் 5 வோல்ட் கொடுத்தால் 25 மில்லிஓம் என்று டேட்டாஷீட்டே உறுதி தருகிறது. 3 ஆம்பியருக்குக் கால் வாட்டுக்கும் குறைவு. சூடாகும்போது தடை ஏறி அரை வாட் ஆனாலும் ஹீட் சிங்க் வேண்டாம். நண்பருடைய மெஷின் இன்று இப்படித்தான் ஓடுகிறது, ஃபேனைக் கழற்றிவிட்டோம். இன்னொன்று, டிசி4427 போன்ற கேட் டிரைவர் ஐ.சி. ஒன்றை நடுவில் வைத்து கேட்டுக்கு 12 வோல்ட் கொடுப்பது. அப்படிச் செய்தால் பழைய ஐஆர்எஃப்இசட்44என் கூடப் பிரமாதமாக வேலை செய்யும்.

ஆர்டுயினோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் பின்கள் தருவது 3.3 வோல்ட். ஐஆர்எல்இசட்44என்-க்கே 4 வோல்ட் வரைதான் உறுதி, 35 மில்லிஓம். அதற்குக் கீழே உங்கள் அதிர்ஷ்டம்தான். கேட் டிரைவர் வைத்துவிடுங்கள். 3.3 வோல்ட் சிக்னலை டிசி4427 ஏற்றுக்கொள்ளும்.

சரியான மாஸ்ஃபெட் போட்டும் சுட்டால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே வோல்டேஜ் அளந்து பாருங்கள். இதையும் கால்களிலேயே அளக்க வேண்டும். 5 வராமல் 2.5 வந்தால் ரெசிஸ்டர் இணைப்பில் பிழை. கேட்டோடு தொடரில் 10 கிலோஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 கிலோஓம் என்று வைத்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து வோல்டேஜைச் சரிபாதி ஆக்கிவிடும். தொடர் ரெசிஸ்டர் 150 ஓம் போதும். கிரவுண்டுக்குப் போகும் 10 கிலோஓமை (புல்டவுன்) தொடர் ரெசிஸ்டரின் ஆர்டுயினோ பின் இருக்கும் பக்கம் வையுங்கள்.

4.4 வந்தால் கிரவுண்ட் வயரைச் சந்தேகப்படுங்கள். மோட்டாரின் 3 ஆம்பியர் பிரெட்போர்டின் ஒரு தளர்ந்த துளை வழியே போனால், அந்த இடத்தின் 0.2 ஓமில் 0.6 வோல்ட் நின்றுவிடும். சோர்ஸ் அந்த அளவுக்கு மேலே ஏறும், கேட்டுக்குக் கிடைப்பது குறையும். பிரெட்போர்டு 1 ஆம்பியருக்கு மேல் போகும் பாதைக்கு உரிய இடம் அல்ல. மோட்டார், பேட்டரி, டிரெயின், சோர்ஸ் நான்கையும் தடித்த வயரில் சால்டர் செய்யுங்கள். ஆர்டுயினோ கிரவுண்டையும் பேட்டரி கிரவுண்டையும் இணைக்க மறந்திருந்தால் கேட் அந்தரத்தில் தொங்கும், மாஸ்ஃபெட் பாதி திறந்து வேகும்.

மாஸ்ஃபெட் அல்ல, சாதாரண டிரான்சிஸ்டர் என்றால்

டிப்31சி போன்ற என்.பி.என். டிரான்சிஸ்டர் 3 ஆம்பியரில் நன்றாகத் திறக்க, டேட்டாஷீட் சொல்லும் பேஸ் மின்னோட்டம் 375 மில்லிஆம்பியர். ஆர்டுயினோ பின்னிலிருந்து 20-க்கு மேல் எடுப்பது நல்லதல்ல, 40 கடைசி எல்லை. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், அது சுடத்தான் செய்யும். 2என்3055 கதையும் இதேதான்.

டிப்122 ஒரு டார்லிங்டன். 12 மில்லிஆம்பியரில் 3 ஆம்பியரைத் திறக்கும். பேஸ் ரெசிஸ்டராக 1 கிலோஓம் போட்டிருந்தால் 3 மில்லிஆம்பியர்தான் போகும். 220 ஓம் போடுங்கள். ஆனாலும் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கியிருப்பதால் அதில் விழும் வோல்டேஜ் 0.7-க்குக் கீழே ஒருபோதும் இறங்காது. 3 ஆம்பியரில் 2 வோல்ட் வரை போகலாம், அதாவது 6 வாட். இது பழுது அல்ல, அதன் இயல்பு. 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாருக்கு இன்று புதிதாக டிப்122 வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்298என் மோட்டார் டிரைவர் மாட்யூல் சுடுகிறது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். 2 ஆம்பியரில் அதில் 4.9 வோல்ட் வரை விழலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. 10 வாட் சூடு, மோட்டாருக்கு மிஞ்சுவது 7 வோல்ட். சின்ன மோட்டாருக்கு டிபி6612 மாட்யூல், பெரியதுக்கு பிடிஎஸ்7960 மாட்யூல் என்று மாறிவிடுங்கள். இரண்டும் உள்ளே மாஸ்ஃபெட் கொண்டவை.

மோட்டார் எந்தப் பக்கம் இருக்கிறது?

மோட்டார் பேட்டரி பிளஸுக்கும் டிரெயினுக்கும் நடுவே இருக்க வேண்டும். சோர்ஸ் நேராக கிரவுண்டில். இதை மாற்றி, மோட்டாரை சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தால் மோட்டார் ஓடத் தொடங்கியதும் சோர்ஸ் மேலே ஏறிவிடும். கேட்டில் 5 வோல்ட் இருந்தால் மோட்டாருக்கு இரண்டு மூன்று வோல்ட்தான் கொடுக்க முடியும். மீதி 9 வோல்ட்டும் மாஸ்ஃபெட்டின் தலையில். "மோட்டார் மெதுவாக ஓடுகிறது, மாஸ்ஃபெட் நெருப்பாகச் சுடுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பி.டபிள்யூ.எம்.-இல் மட்டும் சூடு என்றால்

மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு சின்னக் குடம் மாதிரி. நிரம்பினால் திறக்கும், காலியானால் மூடும். நிரம்பும், காலியாகும் அந்த இடைவேளையில்தான் வோல்டேஜும் ஆம்பியரும் சேர்ந்து நிற்கின்றன. 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் அந்த நேரத்தில் சராசரியாக 18 வாட்.

கேட்டில் 10 கிலோஓம் தொடர் ரெசிஸ்டர் இருந்தால் ஐஆர்எல்இசட்44என் திறந்து மூட மொத்தம் 200 மைக்ரோவினாடி ஆகிவிடும். ஆர்டுயினோ ஊனோவின் வழக்கமான பி.டபிள்யூ.எம். 490 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 2,000 மைக்ரோவினாடி. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவேளையிலேயே போகிறது, 1.8 வாட். அதே இடத்தில் 150 ஓம் போட்டால் இடைவேளை 3 மைக்ரோவினாடியாகச் சுருங்கும், இழப்பு அநேகமாக மறைந்துவிடும். ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினால் போதும்.

மோட்டார் கீச்சிடுகிறது என்று 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தால் ஒரு சுற்றே 50 மைக்ரோவினாடிதான். 150 ஓமிலும் ஒரு வாட் சூடு வரும். கேட் டிரைவர் இல்லாமல் அந்த வேகத்துக்குப் போகாதீர்கள். ஊனோவில் 5, 6-ஆம் பின்களில் பி.டபிள்யூ.எம். 980 ஹெர்ட்ஸ், மற்றவற்றில் 490. காயில் சுற்ற, கதவு திறக்க எல்லாம் அதுவே போதும்.

டையோடு

மாஸ்ஃபெட் மூடினாலும் மோட்டார் சுருளின் மின்னோட்டம் உடனே நிற்காது. அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் மோட்டாருக்குக் குறுக்கே போடும் டையோடு. கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் பேட்டரி நேராக டிரான்சிஸ்டர் வழியே ஷார்ட் ஆகும், முதல் நொடியிலேயே போய்விடும்.

"மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே டையோடு இருக்கிறதே, வெளியே எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். உள்ளே இருப்பது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே இருப்பது. மோட்டாருக்குக் குறுக்கே இருப்பது அல்ல. இந்தச் சர்க்யூட்டில் அதனால் பயன் இல்லை. டிப்122-க்குள் இருப்பதும் அப்படியே. வெளி டையோடு இல்லாவிட்டால் சுருளின் சக்தி முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்ஃபெட்டை உடைத்துக்கொண்டு போகும். 1 மில்லிஹென்றி சுருளில் 3 ஆம்பியர் இருந்து, நொடிக்கு 490 முறை இப்படி நடந்தால் 2 வாட்டுக்கு மேல். சாதாரண டிரான்சிஸ்டர் அதைத் தாங்குவதே இல்லை.

டையோடு இருந்தும் சூடு என்றால் அது எந்த டையோடு என்று பாருங்கள். எல்லோர் டப்பாவிலும் இருப்பது 1என்4007. அது 1 ஆம்பியர் டையோடு, அதோடு மெதுவானது. 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையருக்காகப் பிறந்தது. பாதி வேகத்தில் 3 ஆம்பியர் மோட்டாரின் டையோடில் சராசரியாக 1.5 ஆம்பியர் ஓடும். மாஸ்ஃபெட் திரும்பத் திறக்கும்போது இந்த டையோடு மூட நேரமெடுக்கும், அந்தக் கணத்தில் பேட்டரி டையோடு வழியே மாஸ்ஃபெட்டில் பாயும். வேகமாக மூடும் 3 ஆம்பியர் ஷாட்கி வகை டையோடு 1என்5822 வாங்கிப் போடுங்கள். மோட்டார் முனைகளுக்கு அருகிலேயே சால்டர் செய்யுங்கள்.

இரண்டு திசையிலும் ஓட்டும் எச் பிரிட்ஜ்

நான்கு மாஸ்ஃபெட் வைத்து நீங்களே கட்டியிருந்தால், ஒரே பக்கத்தில் மேலும் கீழும் இருக்கும் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்தால் பேட்டரி ஷார்ட். மோட்டார் இணைக்காமலே சூடாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் காரணம் இதுதான். ஒன்றை மூடியபின் சில மைக்ரோவினாடி காத்திருந்து மற்றதைத் திறக்க வேண்டும். ஐஆர்2104 போன்ற டிரைவர் ஐ.சி. அந்த இடைவெளியைத் தானே வைத்துக்கொள்ளும். மேலே பி சேனல் மாஸ்ஃபெட் போட்டு, கேட்டை 10 கிலோஓம் ரெசிஸ்டரால் மேலே இழுத்திருந்தால் அது மூட ரொம்ப நேரம் எடுக்கும். அந்தப் பக்கத்துக்கு பி.டபிள்யூ.எம். கொடுக்காமல், திசை மாற்ற மட்டும் பயன்படுத்துங்கள்.

எரிந்ததை மாற்றும்போது

மாஸ்ஃபெட் போனால் பெரும்பாலும் டிரெயினும் சோர்ஸும் ஷார்ட் ஆகும். கழற்றி, மீட்டரின் டையோடு நிலையில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் 0.5 அளவில் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பீப் அடித்தால் செத்துவிட்டது. கேட்டும் சேர்ந்து உடைந்திருந்தால் 12 வோல்ட் ஆர்டுயினோ பின் வரை போயிருக்கும். புதியதைப் போடும் முன் அந்தப் பின்னில் ஒரு எல்.இ.டி. வைத்து எரிகிறதா பாருங்கள்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது பேட்டரியோடு தொடரில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வையுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரியும், 2 ஆம்பியருக்கு மேல் போகாது, மாஸ்ஃபெட் பிழைக்கும். பத்து நிமிட வேலை, எனக்கு எத்தனையோ மாஸ்ஃபெட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கடைசியாகத்தான் ஹீட் சிங்க்

மேலே சொன்ன எல்லாம் சரியாகி, கணக்குப்படியே 1 வாட்டுக்கு மேல் வந்தால் ஹீட் சிங்க் போடுங்கள். ஒரு வாட்டுக்கு 5 டிகிரி ஏறும் ஹீட் சிங்க்கில் 6 வாட் டிப்122-ஐப் பொருத்தினால், மைக்கா தாளும் பேஸ்ட்டும் சேர்த்து உள்ளே சுமார் 50 டிகிரிதான் ஏறும், பிரச்சினை இல்லை. பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவுங்கள், அது இடுக்கை நிரப்பத்தான். இரண்டு டிரான்சிஸ்டரை ஒரே ஹீட் சிங்க்கில் வைத்தால் மைக்காவும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். மாட்டியபின் உலோகப் பகுதிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மீட்டரில் சரிபாருங்கள், பீப் வரக்கூடாது.

அப்புறம் டப்பாவை மூடி, மோட்டாருக்கு உண்மையான சுமையைக் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். திறந்த மேசையில் 45 டிகிரி காட்டியது மூடிய டப்பாவுக்குள் 60 காட்டலாம். நண்பருடைய மெஷினில் அரை மணி நேரம் கழித்து 44 டிகிரி. அந்த எண்ணையும் தேதியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் 58 காட்டியது. பிரித்துப் பார்த்தால் மோட்டார் கியரில் கிரீஸ் காய்ந்திருந்தது.